பார்க்காத சேனலுக்கும் பணம்

‘விரும்பும் சேனலுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும்’ என்ற வாக்குறுதியுடன் 2019 பிப்ரவரி 1 அன்று நாடெங்கும் புதிய கேபிள் கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2017-இல் வகுத்த விதிகளின் நோக்கத்தைக் குறைகூற முடியாது. ஆபரேட்டர் கொடுத்ததே சேனல், கேட்டதே கட்டணம் என்றிருந்த நிலையில், ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை அறிவிக்கப்பட வேண்டும் என்றானது பெரிய மாற்றம்தான். ஆனால், அந்தத் தேர்வு உரிமையைப் பயன்படுத்திச் சேனல்களைத் தனித்தனியாக வாங்கும் ஒரு குடும்பத்தைக்கூட நான் இதுவரை சந்திக்கவில்லை.

இதற்கு மக்களின் சோம்பலைக் காரணம் சொல்வது எளிது. கணக்கைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும்.

கேபிள் கட்டணம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, இணைப்பைத் தருவதற்கான அடிப்படைக் கட்டணம். தொடக்கத்தில் 100 சேனல்களுக்கு ரூ.130 என்றும், 2020-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அதே தொகைக்கு 200 சேனல்கள் என்றும் உச்சவரம்பு இருந்தது. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.153.40. இரண்டாவது, கட்டணச் சேனல்களுக்கான விலை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ரூ.19 வரை விலையுள்ள சேனல்களை ஒளிபரப்பு நிறுவனங்கள் தொகுப்பில் சேர்க்கலாம். தொகுப்புக்கு 45% வரை தள்ளுபடி தரலாம் என்பது 2022 நவம்பரில் வந்த திருத்தம். ஒரு நிறுவனத்திடம் பத்துச் சேனல்கள் இருக்கின்றன, அவற்றின் தனி விலைகளைக் கூட்டினால் ரூ.100 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி போக மொத்தத் தொகுப்பும் ரூ.55-க்குக் கிடைத்துவிடும். அவற்றில் தலா ரூ.19 விலையுள்ள மூன்று சேனல்கள் மட்டும் போதும் என்பவரோ ரூ.57 கட்ட வேண்டும். மூன்றைவிடப் பத்து மலிவு! இந்த நிலையில் யார்தான் தேர்ந்தெடுப்பார்கள்? யாரும் பார்க்காத சேனலும் லட்சக்கணக்கான வீடுகளைச் சென்றடைந்தால்தான் விளம்பரதாரரிடம் பேச முடியும் என்பது ஒளிபரப்பாளர்களின் கணக்கு. அந்தக் கணக்குக்கான செலவு நம் ரசீதில் ஏறுகிறது.

ரசீது என்று சொல்லிவிட்டேன். அது கைக்கு வந்தால்தானே! எங்கள் பகுதியில் மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கும் வசூலாளர் சொல்வது ஒரே ஒரு எண். அதில் அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, தொகுப்பு எது, வரி எவ்வளவு என்று கேட்டால், “எல்லாருக்கும் இதுதான் சார்” என்பதுதான் பதில். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்கும் மேலிருந்து அந்த ஒற்றை எண்தான் வருகிறது.

இதனிடையே 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பையே டிராய் நீக்கிவிட்டது. போட்டி நிறைந்த சந்தையில் விலையை நிறுவனங்களே தீர்மானிக்கட்டும் என்பது வாதம். செல்பேசிச் சேவையில் எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றலாம் என்பதால் அங்கே போட்டி என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பில் இயங்காத கேபிள் துறையில் அதற்கு என்ன பொருள்? எந்த இணைப்பிலும் இயங்கும் பெட்டி வேண்டும் என்று 2020-இல் பரிந்துரைத்ததும் இதே டிராய்தான். அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. உச்சவரம்பை எடுப்பதற்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டு இணைய இணைப்பில் விலைக் கட்டுப்பாடே கிடையாது. தொகுப்பு விற்பனை அங்கே வேகம் என்ற பெயரில் நடக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் பட்டியலில் 30 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ரூ.399, 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ரூ.699, அதற்கு மேல் ஓடிடி தளங்களுடன் ரூ.999 என்று விலை ஏறுகிறது. முதல் இரண்டுக்குமான வித்தியாசம் வரியுடன் ஆண்டுக்கு ரூ.4,248. உயர்தரக் காட்சிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. ஒரே நேரத்தில் மூவர் படம் பார்க்கும் வீட்டுக்கும் 30 எம்பிபிஎஸ் பெரும்பாலும் தாங்கும். படுக்கையறையில் இணையம் தடுமாறினால் நாம் உடனே உயர்ந்த திட்டத்துக்கு மாறுகிறோம். பல வீடுகளில் உண்மையான குற்றவாளி, இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்ட ரவுட்டர். அதை வீட்டின் நடுவில், சற்று உயரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திட்டத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கட்டணத்தைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஒரே பொருளுக்கு எத்தனை இடங்களில் பணம் கட்டுகிறோம் என்பதை. கேபிளில் வரும் அதே தொடர் ஓடிடியிலும் வருகிறது. அந்த ஓடிடி, இணையத் திட்டத்துடனும் வருகிறது. செல்பேசி ரீசார்ஜுடனும் வருகிறது. போதாக்குறைக்கு, எப்போதோ தனியாகச் சேர்ந்த சந்தா வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துகொண்டிருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் முதல் இத்தகைய பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வந்தாக வேண்டும். நாம் படிக்காமல் தள்ளிவிடும் குறுஞ்செய்திகளில் அதுவும் ஒன்று. செய்தியும் பழைய படங்களும் போதும் என்பவர்களுக்கு மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் ‘டிடி ஃப்ரீ டிஷ்’ இருக்கிறது. கூடுதல் தொலைக்காட்சி உள்ள வீடுகள், இரண்டாவது பெட்டிக்கும் முழுக் கட்டணம் வாங்கப்படுகிறதா என்று கேட்க வேண்டும். இணையப் பழுது மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தால் அந்த நாள்களுக்கான வாடகையைக் கழிக்க வேண்டும் என்று 2024-இல் வந்த சேவைத்தர விதிகள் சொல்கின்றன, கேட்பவர்கள்தான் குறைவு. நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்தியும்விட்டது.

இத்தனையையும் படித்து, கேட்டு, போராடித்தான் நியாயமான கட்டணத்தைப் பெற முடியும் என்றால், அந்த உரிமை படித்தவர்களுக்கும் ஓய்வு உள்ளவர்களுக்கும் மட்டுமானதாகிவிடுகிறது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவரும், தினக்கூலிக் குடும்பமும் சொன்ன தொகையைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய இணைய நிறுவனங்கள், உணவுப் பொட்டலத்தில் சத்து விவரம் அச்சிடுவதுபோல, மாதக் கட்டணம், கூடுதல் கட்டணங்கள், வேகம், தரவு வரம்பு ஆகியவற்றை ஒரே சீட்டில் வெளியிட வேண்டியதாயிற்று. அதுபோன்ற விதியை இங்கே டிராய் கொண்டுவரத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

அதுவரை தமிழக அரசும் காத்திருக்க வேண்டியதில்லை. 2011-இல் மாதம் ரூ.70 என்ற கட்டணத்துடன் வீடுகளுக்குள் வந்த அரசு கேபிள் டிவி நிறுவனம் அதன் கையிலேயே இருக்கிறது. அடிப்படைக் கட்டணம், தொகுப்பின் பெயர், அதிலுள்ள சேனல்கள், ஒவ்வொன்றின் தனி விலை, வரி ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்ட ரசீதை ஒவ்வொரு மாதமும் சந்தாதாரருக்குத் தருவதை அந்த நிறுவனம் இந்த ஆண்டே தொடங்கலாம்.