கல்லுக்கு எதற்குக் குளிர்?
அருங்காட்சியகங்கள் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்யலாம் என்று பேச்செடுத்தால் கூரைமேல் சூரியத் தகடு என்கிறார்கள் பலர். எனக்கோ அருங்காட்சியகப் பொருள் பாதுகாப்பு அறிவியலாளர் கேரி தாம்சன் நினைவுக்கு வருகிறார். காட்சிக்கூடத்தின் உட்சூழல் பற்றி 1978இல் அவர் எழுதிய நூல் உலகக் காட்சிக்கூடங்களுக்கு வேதம்போல் ஆயிற்று. ஈரப்பதம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்ற கண்டிப்பு வேரூன்றியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அந்த ஐந்து, ஓவியம் எதைத் தாங்கும் என்று சோதித்துக் கண்ட எண்ணல்ல. இயந்திரத்தால் எவ்வளவு முடியும் என்பதை ஒட்டியது என்று அவரே அந்நூலில் சொல்லியிருக்கிறார்! அதைக் கவனிக்காமல் பார்வையாளர் இல்லாத நள்ளிரவிலும் குளிர்சாதனங்களை ஓட்டினோமே என்பதுதான் என் ஆதங்கம். பெரிய அருங்காட்சியக இயக்குநர்களின் பிசோ குழு 2015இல்தான், பெரும்பாலான பொருள்களுக்கு 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும் 16 முதல் 25 டிகிரி வெப்பமும் போதுமென்று தளர்த்தியது. மரப்பலகை ஓவியத்துக்கும் பச்சை பூத்து அரிக்கும் வெண்கலத்துக்கும் கூடுதல் கவனம் வேண்டும்தான். அதற்குச் சிலிக்கா ஜெல் வைத்த தனிக் கண்ணாடிப் பேழை இருக்கிறதே. பக்கத்திலுள்ள கருங்கல் நந்திக்கும் சேர்த்து மண்டபம் முழுவதையும் ஏன் குளிரூட்ட வேண்டும்? பொருள்களை இரவல் தரும்போது பழைய கண்டிப்பையே ஒப்பந்தத்தில் எழுதும் வழக்கம் முதலில் போகட்டும்.