இரும்பை விடுங்கள், எலும்பைப் பாருங்கள்

என் அக்காவுக்குப் பதினாறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், மாத்திரை தவறிப்போனதில், உட்கார்ந்திருந்தபடியே வலிப்பு வந்துவிட்டது. நாலு பேர் ஓடிவந்து தோளையும் காலையும் அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. எல்லோரும் இரும்பைப் புகழ்ந்தார்கள், நான் உட்பட.

வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுப்பதற்குள் அது முடிந்துவிடுகிறது. பெயர் மட்டும் இரும்புக்கு.

மறுநாள் முதல் அக்காவுக்கு முதுகுவலி. சுளுக்கு என்று நினைத்து இரண்டு வாரம் தைலம் தேய்த்தோம். எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. "கீழே விழவே இல்லையே டாக்டர்?" என்றேன். வலிப்பில் தசைகள் இறுகும் வேகமே எலும்பை முறித்துவிடும், தோள்மூட்டையும் நழுவ வைக்கும் என்றார். போதாததற்கு, ஃபெனிடாயின் போன்ற பழைய மாத்திரைகளைப் பல வருடம் சாப்பிட்டால் கல்லீரல் வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைத்துவிடும், எலும்பு மெலிந்துபோகும். அக்கா சாப்பிட்டது முப்பது வருடத்துக்கு மேல்.

இது ஏன் எங்களுக்குத் தெரியவில்லை? வெட்கம்தான் காரணம். வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று மறைத்தோம். பிறகு, பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவதோடு சரி. டாக்டரிடம் போவதே நின்றுபோனது. இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு நோயை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். நம் மனசிலிருந்துதான் இன்னும் நீங்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். வலிப்பு வந்தவரை அமுக்கிப் பிடிக்காதீர்கள். அதிலும் எலும்பு உடையலாம். வாயில் எதையும் வைக்காதீர்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பிறகு முதுகு, தோள் வலி என்றால் தைலத்தோடு நிற்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு கடுமையாகத் திரும்பும். வைட்டமின் டி-யும் எலும்பின் பலமும் எப்படி இருக்கின்றன என்று டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அக்கா இப்போது கொஞ்சம் குனிந்துதான் நடக்கிறாள்.