செவிலியரின் பட்டம் யார் பீரோவில் இருக்கிறது?

வாலாஜாபாத்தில் எந்தக் கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தாலும் பெயருக்குப் பின்னால் படிப்பு இருக்கும். டி.எம்.இ. என்றாலும் போடுவார்கள், பி.இ. என்றாலும் போடுவார்கள். வக்கீல் வீட்டு கேட்டில் பி.எல். இருக்கிறது. டாக்டர் கிளினிக் வாசலில் இரண்டு வரிக்குப் பட்டம் இருக்கிறது. நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்து, கவுன்சிலில் பதிவு செய்து, இரவெல்லாம் ஐ.சி.யூ.வில் நிற்கிற பெண்ணின் பேட்ஜில் மட்டும் ஒரு பெயரும் ‘ஸ்டாஃப்’ என்ற ஒரு சொல்லும்தான்.

எங்கள் மாலை நேர மையத்துக்கு வரும் செவிலியர்கள்தான் இதை எழுத வைத்தார்கள். சுற்றுவட்டாரக் காலனிகளில் வளர்ந்து, தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள். பேட்ஜில் படிப்பையும் பதிவு எண்ணையும் போடுங்கள் என்று சிலர் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். நிர்வாகம் சொன்ன பதில்: “எல்லாரும் ஒரே டீம்தானேம்மா, இதில் எதற்கு வித்தியாசம்?” நம் தோழர்கள் சிலர் சொன்ன பதில் வேறு மாதிரி: “பட்டத்தை மார்பில் குத்திக்கொள்வது இன்னொரு பூணூல்தானே?”

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் தோழர்களுக்கு.

பட்டம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டம் ஒன்று. படித்து வாங்கிய பட்டம் இன்னொன்று. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு முதலாவதைத் தூக்கி எறியச் சொன்னது. அப்போது வாலாஜாபாத்தும் அதே செங்கல்பட்டு மாவட்டம்தான். அந்தத் தீர்மானத்தின் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் அதைக் காட்டி இரண்டாவதையும் எறியச் சொல்வது கணக்குத் தெரியாத பேச்சு. சாதிப் பட்டம் பிறந்த அன்றே வந்துவிடுகிறது. நர்சிங் பட்டத்துக்கு நம் வீட்டில் அடகு வைத்த கம்மல் இருக்கிறது, அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலி இருக்கிறது, உதவித்தொகைக்காக அலைந்த அலைச்சல் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் வாங்காதே என்று 2012ல் அரசாணை 92 வந்த பிறகும், “முதலில் கட்டு, ஸ்காலர்ஷிப் வந்தால் பார்க்கலாம்” என்ற கல்லூரிகளைத் தாண்டி வாங்கிய பட்டம் அது. ஒன்று இன்னொருவரைத் தாழ்த்துவதற்காகவே இருந்தது. மற்றது தாழ்த்தப்பட்டவர் ஏறி வந்த படி.

நம் வீடுகளில் மாட்டியிருக்கும் அண்ணல் படத்தின் கீழே எம்.ஏ., பிஎச்.டி., டி.எஸ்சி., பார்-அட்-லா என்று எழுதியிருப்பதை யாரும் மேட்டிமை என்று சொல்வதில்லை. ‘டாக்டர்’ இல்லாமல் அவர் பெயரைச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் சரியானதுதான். பட்டத்தை மறைத்துப் பெயரை மட்டும் சொல்கிறவர் என்ன செய்கிறார் என்பது நமக்குத் தெரியும்.

பட்டம் போட்டால் சாதி போய்விடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917ல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கிய இடத்திலும் கம்போடு வந்து வெளியேற்றினார்கள். பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. அதற்காக அவர் பட்டத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடவில்லை. லண்டனுக்குத் திரும்பிப் போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தார்.

மார்பில் அட்டை குத்துவது நமக்குப் புதிதும் அல்ல. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1930ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது, தான் தீண்டப்படாதவர் என்று எழுதிய அட்டையை அணிந்து போனார் என்று நம் இயக்க வரலாறு சொல்கிறது. உலகம் எதைப் பார்க்க மறுக்கிறதோ அதை எழுதி நெஞ்சில் வைத்தார். நம் பெண்கள் இன்று கேட்பதும் அந்த வழியில் வருவதுதான்.

உலகம் இங்கே எதைப் பார்க்க மறுக்கிறது? மலம், மூத்திரம், சீழ், ரத்தம் இவற்றைத் தொடும் வேலை எதுவானாலும் அதைக் கீழான வேலை என்று சாதி முத்திரை குத்தி வைத்திருக்கிறது. நர்சிங்குக்கும் அந்த முத்திரை விழுந்தது. சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில், மிஷன் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற கிறிஸ்தவப் பெண்கள்தான் பெரிய அளவில் இந்தத் தொழிலைச் சுமந்தார்கள். இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் 1946ல் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. வேலூர் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், வார்டில் நிற்கிற பெண் பட்டம் பெற்றவர் என்பது படுக்கையில் இருப்பவருக்குத் தெரியவில்லை. “ஏம்மா, இந்த பெட்பேனை எடு” என்ற அதட்டலுக்கு அடுத்த கேள்வி, “எந்த ஊரு? ஊருக்குள்ளேயா, காலனியா?” பேட்ஜில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால், கேட்கக் கூடாததைக் கேட்பார்கள்.

இனி நிர்வாகத்துக்கு. ‘வித்தியாசம் எதற்கு’ என்கிறீர்கள். டாக்டருக்கு அந்த நியாயம் ஏன் பொருந்தவில்லை? 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள், பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்கின்றன. பெயருக்குப் பின்னால் அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களை மட்டுமே போட வேண்டும் என்கின்றன. நோயாளிக்குத் தன்னைத் தொடுகிறவர் யார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். செவிலியருக்கும் பதிவு இருக்கிறது. இங்கே 1926ஆம் ஆண்டிலேயே செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்துவிட்டது. பதிவு எண் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. பேட்ஜில் மட்டும் இடம் இல்லையாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மருத்துவப் பணியாளர் தன் பெயரையும் உரிம நிலையையும் பெரிய எழுத்தில் பேட்ஜில் காட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே ‘டீம்’ ஒன்றும் உடைந்துவிடவில்லை.

உண்மையான காரணம் சம்பளம். படிப்பு வெளியே தெரிந்தால் சம்பளமும் பேச்சுக்கு வரும். செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி ஒரு குழு அமைக்கப்பட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழ் இருந்தாலும் குறைந்தது 20,000 ரூபாய் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தொகையைக் கையில் பார்த்ததில்லை. அரசும் யோக்கியம் இல்லை. 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் மூலம் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தது; 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் உட்கார்ந்தது அதற்காகத்தான்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் மருத்துவமனைகள் இருக்கின்றன. வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போக வேண்டும் என்றால், பாண்டு தொகையைக் கட்டு என்கிறார்கள். ஆக, பட்டத்தின் மதிப்பு நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அது நம் பெண்ணின் மார்பில் இருக்கக் கூடாது, தங்கள் பீரோவில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்களுடைய சமத்துவம்.

ஒரே சீருடைக்குள் இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று ‘நர்சிங்’ பெயரில் கோர்ஸ் நடத்திப் பணம் பறிக்கும் நிறுவனங்கள் குறி வைப்பது நம் காலனிப் பிள்ளைகளைத்தான். அந்தச் சான்றிதழைக் கவுன்சில் ஏற்காது என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிகிறது. அவர்களுக்குச் செவிலியர் சீருடையை மாட்டி, ஊசி போடச் சொல்லி, உதவியாளர் கூலி கொடுக்கிறார்கள். ஏதாவது நடந்தால் மாட்டிக்கொள்வது அந்தப் பெண். பேட்ஜில் படிப்பும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்ற விதி வந்தால், பதிவு இல்லாதவரிடம் ஊசியைக் கொடுப்பது முதல் நாளே வெளியே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைகளை விரட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. உதவியாளர் வேலையும் மரியாதையான வேலைதான். அதற்குரிய பெயரும், அதற்குரிய கூலியும், செவிலியரின் பொறுப்பைத் தலையில் கட்டாத உத்தரவாதமும் வேண்டும்.

‘பி.எஸ்சி. போட்டால் ஜி.என்.எம். படித்தவருக்குத் தாழ்வு ஆகாதா?’ இது நியாயமான கேள்வி. நம் பெண்களில் பலர் டிப்ளமோ வழியாக வந்தவர்கள். ஆனால் இரண்டு படிப்புக்கும் கவுன்சில் தரும் பதிவு ஒன்றுதான்: பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மருத்துவச்சி. எனவே பேட்ஜில் முதலில், பெரிய எழுத்தில், தமிழில் ‘பதிவு பெற்ற செவிலியர்’ என்று இருக்கட்டும். படிப்பு அதன் கீழே வரட்டும். ஜி.என்.எம். என்று எழுத வெட்கப்பட ஒன்றுமில்லை.

முழுப் பெயரும் தெரிந்தால் போனில் தேடித் தொல்லை கொடுப்பார்கள் என்ற பயமும் உண்மையானது. அதற்கும் வழி இருக்கிறது. அழைக்கும் பெயர் மட்டும் போதும். அடையாளத்துக்குப் பதிவு எண் இருக்கிறது.

ஒரகடம் சாலையில் காலை ஷிப்ட் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். எல்லார் கழுத்திலும் அட்டை தொங்குகிறது. கம்பெனி பெயர், ஊழியர் எண், பல இடங்களில் ‘டிரெய்னி’ என்றோ ஒப்பந்தக்காரர் பெயரோ. யாருக்கு வேலை செய்கிறார் என்பதை அந்த அட்டை சொல்கிறது. என்ன படித்தவர் என்பதைச் சொல்வதில்லை. இதே தடத்தில் தொழிற்சாலைகளின் ஆம்புலன்ஸ் அறைகளிலும் நம் செவிலியர்கள் இருக்கிறார்கள். 500 பேருக்கு மேல் வேலை செய்தால் அந்த அறையும் தகுந்த செவிலியரும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. மிஷினில் கை மாட்டிய தொழிலாளி அந்த அறைக்கு ஓடும்போது, தன் காயத்தைப் பிடிப்பவர் பதிவு பெற்றவரா என்று பார்க்க அவருக்கும் உரிமை உண்டு.

ஆகவே நாங்கள் கேட்பது நான்கு. தனியார், அரசு, தொழிற்சாலை எதுவானாலும் செவிலியரின் பேட்ஜில் பதவி, படிப்பு, பதிவு எண் தமிழில் இருக்க வேண்டும். பிடித்து வைத்திருக்கும் அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பணி நியமன ஆணையில் படிப்பும் அதற்கான சம்பளமும் எழுதப்பட வேண்டும். பதிவு இல்லாதவரைச் செவிலியர் வேலையில் நிறுத்தும் நிர்வாகத்தின் மீது நடவடிக்கை வேண்டும், அந்தப் பெண் மீது அல்ல.

செவிலியராக இருக்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறோம். விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வார்டில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள். தனியாகக் கேட்டால் தனியாக அனுப்பிவிடுவார்கள். மனு எழுத உதவி வேண்டுமானால் மாலையில் மையத்துக்கு வாருங்கள்.