பெயர் வேறு, உரிமை வேறு!

தென்கொரியத்தின் மாராதோத் தீவுக்குத் தென்மேற்கே 149 கிலோமீட்டர் தொலைவில், அலைக்கு அடியில் ஒரு பாறை உளது. அதன் முகடு நீர்மட்டத்துக்கு 4.6 மீட்டர் கீழ்!

1900-இல் அதனைக் கண்ட ஆங்கிலேயர், தம் கப்பலின் பெயரையே இட்டுச் 'சொகோத்திரா' என்றனர். கொரியரோ தம் பழங்கதைத் தீவின் பெயரால் 'இயோதோ' என்பர்; சீனர் 'சூயன்' என்பர். வழிப்போக்கன் இட்ட பெயரை விலக்கித் தாய்மொழியில் பெயரிடுவது தக்கதே. ஆயினும், பெயரே உரிமை முறி ஆகிவிடாது.

2003-இல் கொரியர் அதன்மேல் கடலாய்வு நிலையம் நிறுவினர். 1982-ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையோ, மூழ்கிய பாறையைத் தீவென ஏற்பதில்லை. கடலில் எழுப்பிய கட்டடத்துக்குத் தனிக் கடலெல்லை தருவதுமில்லை. இரு நாட்டாரும் உரிமை கோரும் கடற்பரப்பு அங்கே ஒன்றன்மேல் ஒன்று கவிகின்றது. அங்கே எல்லை வகுக்கவேண்டியது பாறையன்று. நிகராக அமர்ந்து பேசும் இரு நாட்டாரே!