கியாமத்: ஒரு சொல், இரு சமயங்கள்

தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குக் குடிபெயர்ந்த தமிழ் முஸ்லிம்களின் வழிவந்தோர், இறுதித் தீர்ப்பு நாளைக் 'கியாமத் நாள்' என்பர். அதே பகுதியில் வாழும் தமிழ்க் கிறித்தவர்கள் இயேசு உயிர்த்தெழுந்த ஞாயிறை 'ஈஸ்டர்' என்றோ 'உயிர்ப்புப் பெருவிழா' என்றோ அழைப்பர். இவ்விரு வழக்குகளுக்கும் உறவு உண்டு என்பது தமிழில் புலப்படுவதில்லை.

அரபு மொழியில் அது வெளிப்படையாகவே நிற்கிறது. அரபு பேசும் கிறித்தவர்கள் ஈஸ்டருக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'ஈதுல் கியாமா'. எருசலேமில் இயேசுவின் கல்லறை அமைந்த தேவாலயத்தின் அரபுப் பெயரும் 'கனீசத்துல் கியாமா' என்பதே. 'எழுதல், நிற்றல்' எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்த இச்சொல்லைக் கிறித்தவர் இயேசுவின் எழுச்சிக்கும், முஸ்லிம்கள் மாந்தர் அனைவரின் எழுச்சிக்கும் ஆள்கின்றனர். நம்பிக்கைகள் வேறு, சொல் ஒன்றே. 'ஈது' என்பதும் அவ்வாறே இரு சமயத்தாரின் திருநாளுக்கும் பொது.

விழாவிலும் இப்பொதுமை உண்டு. எகிப்தில் காப்டிக் ஈஸ்டருக்கு மறுநாளான திங்கட்கிழமை 'ஷம்முன் நசீம்' என்னும் வேனில் விழா. முஸ்லிம்களும் கிறித்தவர்களும் வண்ணம் தீட்டிய முட்டை, வெங்காயம், உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் ஆகியவற்றோடு ஆற்றங்கரைகளிலும் பூங்காக்களிலும் கூடுகின்றனர். அந்நாள் நாட்டுக்கே பொது விடுமுறை.

தமிழ் ஆய்வுலகில் 'அரபுச் சொல்' என்பதும் 'இசுலாமியச் சொல்' என்பதும் பெரும்பாலும் ஒரு பொருளிலேயே ஆளப்படுகின்றன. 'கியாமத்' தமிழில் இசுலாமிய வழக்கு என்று குறிப்பதில் பிழையில்லை. அது தமிழில் யார் வாயில் வழங்குகிறது என்பதைச் சொல்கிறது. அக்குறிப்பையே சொல்லின் பிறப்புக்கும் ஏற்றும்போதுதான் பிழை நேர்கிறது. மொழிக்குச் சமயத்தை ஒட்டவைக்கும் இப்பழக்கம் ஆய்வேட்டோடு நின்றுவிடுவதுமில்லை. 1992–93 கலவரத்தைக் கண்ட தாராவியில், ஒருவர் வாயில் வரும் சொல்லைக் கொண்டு அவரை அயலாராக எண்ணுவதன் விளைவு எளியதன்று.

ஆகவே சொற்பிறப்பும் வழக்கும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் 'கியாமத்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால், கெய்ரோவின் ஈஸ்டரையும் சேர்த்துச் சொல்வதே முழுமையான விடை.