வீணாகாத மூலதனம்

ஆஸ்திரேலிய மகளிர் ஹாக்கி அணியின் கோல் காப்பாளராக விளங்கியவர் ரேச்சல் லிஞ்ச். நாட்டுக்காக 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடியவர். 2019-ஆம் ஆண்டின் சிறந்த கோல் காப்பாளராகப் பன்னாட்டு ஹாக்கி சம்மேளனத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2020-இல் கரோனா பரவி ஒலிம்பிக் போட்டி தள்ளிவைக்கப்பட்டபோது, அவர் பெர்த் நகரின் கரோனா மையம் ஒன்றில் பணியாற்றிக் கொண்டிருந்தார். காரணம், அவர் பதிவு பெற்ற செவிலியர்.

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்பாக அவர் தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்டார். மேல்முறையீடு செய்து தம் இடத்தை மீட்டார் என்பது வேறு செய்தி. உலகின் முதல் வரிசை வீராங்கனைக்கே தேர்வுக் குழுவின் ஒரு முடிவில் எல்லாம் முடிந்துபோகலாம் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. லிஞ்சின் கையில் இன்னொரு தொழில் இருந்தது. நம் வீரர்களில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது?

இக்கேள்வியை எழுப்பும் தகுதி எனக்கு முழுமையாக உண்டு என்று சொல்ல மாட்டேன். என் முன்னாள் மாணவி ஒருவர் பல்கலைக்கழக அணியில் வாலிபால் ஆடி, பின்னர் ஒரு நிறுவன அணியில் ஒப்பந்த அடிப்படையில் ஆடினார். 24 வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்த நாள்களில் செவிலியர் பணியின்மீது அவருக்கு நாட்டம் பிறந்தது. படிக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். 'பத்து ஆண்டு உழைப்பை வீணாக்காதே அம்மா. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வரும், பொறுத்திரு' என்றேன்.

அவர் பொறுத்திருந்தார். வேலை வரவில்லை. 27 வயதில், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பெண்களுடன் அமர்ந்து செவிலியர் பட்டயப் படிப்பைத் தொடங்கினார். இன்று ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறார். அண்மையில் சந்தித்தபோது, 'படிப்பும் மூன்று வருஷம்தான் சார். நான் காத்திருந்ததும் மூன்று வருஷம்தான்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் செய்த பிழை, முதலாண்டு மாணவர்களுக்கு நானே பல்லாண்டுகள் கற்பித்த பாடம். செலவழிந்துபோன, இனி மீளாத செலவைக் கணக்கில் வைத்து எதிர்கால முடிவை எடுக்கக் கூடாது என்பது பொருளியலின் அரிச்சுவடி. பத்தாண்டுப் பயிற்சி முடிந்துபோன ஒன்று. முன்னால் இருந்ததோ முப்பதாண்டுப் பணிக்காலம். நான் முன்னதைப் பார்த்துப் பின்னதை மறந்தேன்.

அந்தப் பத்தாண்டும் முழுவதாக வீணாவதில்லை. கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' என்ற நூலில், ஓரிடத்தில் மட்டுமே பயன்படும் திறனையும் எங்கும் பயன்படும் திறனையும் பிரித்துக் காட்டினார். பந்தை வலைக்கு மேல் எழும்பி அடிக்கும் திறன் மருத்துவமனையில் உதவாது. ஆனால் நேரம் தவறாமை, நெருக்கடியில் நிதானம், குழுவாக இயங்கும் பழக்கம், உடல் வலியைப் பற்றிய அறிவு ஆகியவை உடன் வருகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின் முதன்முறையாகக் காலூன்ற அஞ்சும் நோயாளிக்கு அதே அச்சத்தைக் கடந்துவந்த செவிலியர் அருகில் நிற்பது சிறிய உதவியன்று.

தேவையும் இருக்கிறது. 2023-இல் உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருந்ததாகவும், மேலும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஒருபுறம் ஆள் பற்றாக்குறை. மறுபுறம் முப்பது வயதுக்குள் வழி தெரியாமல் நிற்கும், உழைப்புக்கு அஞ்சாத இளைஞர்கள். இடையில் இருப்பவை மூன்று தடைகள்.

முதலாவது, கல்வித் தகுதி. பி.எஸ்சி. நர்சிங் சேர மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்பதற்காகக் கலைப் பிரிவை எடுத்த வீரர்களுக்கு அந்தக் கதவு 15 வயதிலேயே மூடிவிடுகிறது. பிற பாடப் பிரிவினரும் சேரக்கூடிய மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. அதன்பின் ஈராண்டில் பட்டமும் பெறலாம். இதனை விளையாட்டு விடுதிகளில் யாரேனும் சொல்கிறார்களா?

இரண்டாவது, அரசின் பார்வை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு 3 சதவீதம். அது பெரிதும் பதக்கம் வென்றவர்களுக்கே கைகொடுக்கும். ஓய்வு பெற்ற வீரர்களுக்காக மத்திய அரசு 2024-இல் தொடங்கிய 'ரீசெட்' திட்டம் வரவேற்கத்தக்கது. ஆயினும் அதன் பயிற்சிகள் விளையாட்டுத் துறையைச் சுற்றியே அமைந்துள்ளன. அத்துறையில் எல்லாருக்கும் இடம் இல்லை என்பதால்தானே அவர்கள் வெளியே நிற்கிறார்கள்?

மூன்றாவது, ஊதியம். உச்ச நீதிமன்ற ஆணையையொட்டி அமைக்கப்பட்ட நிபுணர் குழு, சிறிய தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியரின் மாத ஊதியம் ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்று 2016-இல் பரிந்துரைத்தது. அது பல இடங்களில் இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது. சேவை என்று புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைக்கும் தொழிலுக்கு, வாழ்வின் நடுவில் யார் துணிந்து வருவார்?

ஆகவே, பட்டயப் படிப்புகளில் முன்னாள் வீரர்களுக்குச் சில இடங்களும், படிக்கும் காலத்துக்கு உதவித்தொகையும் ஒதுக்கலாம். விளையாட்டு விடுதிகளில் இரண்டாவது தொழிலுக்கான வழிகாட்டுதலைப் பதினைந்து வயதிலேயே தொடங்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய இரட்டைத் தொழில் வாழ்வுக்கான நெறிமுறைகளை 2012-லேயே வகுத்துவிட்டது. நிபுணர் குழுவின் ஊதியப் பரிந்துரையைச் சட்டமாக்குவது வீரர்களுக்கு மட்டுமன்றி, இப்போது பணியில் உள்ள எல்லாச் செவிலியருக்கும் செய்ய வேண்டிய நீதி.

இனி எந்த வீராங்கனையாவது என்னிடம் அதே கேள்வியுடன் வந்தால், பொறுத்திரு என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்றுதான் கேட்பேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).