பந்தியில் தெரியும் விசுவாசம்

பாகாலா ஜங்ஷனில் காட்பாடிப் பாதை, திருப்பதிப் பாதை, தர்மாவரம் பாதை ஆகிய மூன்றும் கூடுகின்றன. மீட்டர் கேஜ் நாளிலிருந்தே காட்பாடி, வேலூர் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவர்களில் பெரியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "உலகம் சபைக்குள் புகுந்துவிட்டது."

சினிமா மெட்டில் பாட்டு, காதைப் பிளக்கும் டிரம்ஸ், மேடைக்கு வண்ண விளக்கு, காணிக்கை கொடுத்தால் வீடும் காரும் வரும் என்று பேரம் பேசும் பிரசங்கம் என்று அவர்கள் அடுக்குவார்கள். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தமிழ் ஆராதனையானாலும் தெலுங்கு ஆராதனையானாலும் இந்தப் புலம்பல் பொதுவானது. வேதம் ஒரு பக்கம், உலகத்தோடு சமரசம் மறு பக்கம். சபை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவலைப்படுவது நியாயமே.

ஆனால் உலகம் சபைக்குள் டிரம்ஸோடுதான் வந்ததா? அதற்கு வெகு காலம் முன்பே வந்து, முன் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்ட சமரசம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? அந்தச் சமரசத்தின் பெயர் சாதி.

அந்தியோகியாவில் நடந்தது

இது வேதத்துக்குப் புறம்பான பேச்சு என்று யாரும் சொல்ல முடியாது. ஆதித் திருச்சபையின் பெரிய சண்டைகளில் ஒன்று பந்தியைப் பற்றியதே. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். பவுல் சும்மா இருக்கவில்லை. மூத்த அப்போஸ்தலன் என்றும் பாராமல் எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பேதுரு அன்று கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை; உபதேசத்தில் ஒரு வரியையும் மாற்றவில்லை. இலையை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டார். அதுவே சுவிசேஷத்துக்கு விரோதம் என்றார் பவுல். பணக்காரனுக்கு நல்ல ஆசனமும் ஏழைக்குத் தரையும் காட்டும் சபையை யாக்கோபு தம் நிருபத்தில் கடிந்துகொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

சுவர் எழும்பிய கதை

தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றில் இந்த அந்தியோகியா திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. கல்கத்தா பேராயராக இருந்த டேனியல் வில்சன் 1833ம் ஆண்டு ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை இனி இருக்கக் கூடாது, உடனடியாக முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டார்கள். பின்னால் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் இந்த விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை; அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் அநேகர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் போற்றும் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தை நீக்க முயன்ற மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர். அவருடைய பக்தியை யாரும் சந்தேகிக்க முடியாது. அத்தனை பெரிய பக்தனுக்கும் இந்த ஒரு இடத்தில் கண் மறைந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

கத்தோலிக்கர் கதையும் வேறில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர். மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை 1745ல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பல சித்திரவதைகளுக்குப் பிறகு 1752 ஜனவரி 14ந் தேதி ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில் 1872ல் எழும்பிய கோயில் எப்படி இருந்தது? பீடம் ஒன்று, அதை நோக்கி இரண்டு கிளைகள், நடுவே சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறு பக்கம் நாடார் முதலானோர். 1910ல் காசனெல் என்ற இயேசு சபைக் குரு அந்தச் சுவரை இடித்தார். வேளாளர் தரப்பினர் வழக்குத் தொடுத்து, அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆலயத்துக்குள் சாதிப்படி தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சர்க்கார் நீதிமன்றம் சொல்லித்தான் வேதத்தின் பொருள் சபைக்கு விளங்க வேண்டியிருந்தது!

2022 மே 15ந் தேதி ரோமாபுரியில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது 'பிள்ளை' என்ற சாதிப் பெயர் அவர் பெயரோடு சேர்க்கப்படவில்லை. ரத்தம் சிந்திய மனிதரின் பெயரிலிருந்து சாதி கழன்று விழ 270 வருஷம் ஆயிற்று.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதையொட்டி மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இரு தரப்பினரும் கும்பிட்டது ஒரே சிலுவையைத்தான்.

தெலுங்கு மண் காட்டிய வழி

சமரசம் செய்யாதவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களைத் தேட நாம் பிழைக்க வந்த இந்தத் தெலுங்கு மண்ணை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

ஜான் கிளாஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி 1866ல் ஓங்கோலுக்கு வந்தார். மேல் சாதியார் சிலர் அவரிடம் அக்கறை காட்டினார்கள். மாதிகர்கள் ஞானஸ்நானத்துக்கு வந்தபோது, அவர்களைச் சேர்த்தால் நாங்கள் வர மாட்டோம் என்றார்கள். ஊரில் செல்வாக்கு வேண்டுமென்றால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது தெரிந்த விஷயம். கிளாஃபும் அவர் மனைவியும் தனித் தனியே வேதத்தைத் திறந்தபோது இருவர் கண்ணிலும் பட்டது ஒரே பகுதி: கடவுள் உலகத்தில் எளியவர்களையே தெரிந்துகொண்டார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதி. கிளாஃப் மாதிகர்களைச் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பின் 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தம் எடுத்து ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி வேலை கொடுத்தார் கிளாஃப். ஆனால் அந்த நாட்களில் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். நிவாரண வேலை முடிந்த பிறகே வாசலைத் திறந்தார். 1878 ஜூலை 3ந் தேதி ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 2,222 பேர்.

இன்னொருவர் நம் தமிழர். திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1909ல் குடும்பத்தோடு தோர்ணக்கல் போனார். ரயில்வேக்காரர்களுக்கு அந்த ஜங்ஷனை நன்றாகத் தெரியும். அங்கே தெலுங்கு கற்று, மாலர், மாதிகர் நடுவில் ஊழியம் செய்தார். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1910ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளை நேரே பார்த்து, நீங்கள் தியாகம் செய்கிறீர்கள், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்துவதில்லை என்ற கருத்தை எடுத்துச் சொன்னவர் அவர். வெள்ளைக்காரரிடம் தமக்கென்று கேட்ட சமத்துவத்தை அவர் தோர்ணக்கல்லில் தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கொடுத்தார். கேட்பவன் கொடுக்கவும் வேண்டும் என்பது அவர் காட்டிய நேர்மை.

இரண்டு பெயர்

சாதிக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி விரல் நீட்டிக் காட்டும் சமரசம் ஒன்று உண்டு: சபையில் ஒரு பெயர், சர்ட்டிபிகேட்டில் வேறொரு பெயர். இதைக் கேலி செய்வது சுலபம். காரணத்தைப் பார்க்க வேண்டும்.

1950ம் ஆண்டு குடியரசுத் தலைவர் உத்தரவின்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியல் இந்துக்களுக்கு மட்டுமே என்று இருந்தது. 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆந்திராவில் இவர்களுக்குப் பிற்பட்டோரில் 'சி' பிரிவு. ஒதுக்கீடு 1 சதவிகிதம். இவர்களையும் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஆந்திர சட்டசபை 2023 மார்ச்சில் தீர்மானம் போட்டது. மத்திய சர்க்கார் 2022ல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராயக் கமிஷன் அமைத்தது.

ஞானஸ்நானம் பெற்றதால் ஊரில் ஒருவனுடைய சாதி போய்விடவில்லை. சலுகை மட்டும் போனது. மகனுக்கு வேலை வேண்டுமென்று ஒரு ஏழை இரண்டு பெயரோடு வாழ்ந்தால் அது உண்மைக்குக் குறைவுதான். ஆனால் அவனைச் சமரசக்காரன் என்று சொல்ல யாருக்கு யோக்கியதை உண்டு? கல்யாண விளம்பரத்தில் 'கிறிஸ்தவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதியையும் போட்டு வரன் தேடுகிறவருக்கா? சபைக் கமிட்டித் தேர்தலில் சாதி பார்த்து ஓட்டுச் சேர்க்கிறவருக்கா? ஏழையின் சமரசம் வயிற்றுக்காக, இவர்களுடையது பெருமைக்காக. சபைத் தலைவர்கள் டில்லியில் கேட்கும் நீதி நியாயமானது. அதைத் தங்கள் வாசலுக்குள்ளும் கொடுத்துவிட்டுக் கேட்டால் அந்தக் குரலுக்கு இன்னும் பலம் இருக்கும்.

ஊர் வேறு, வாய்ப்பு வேறு

"இது சமூக வழக்கம், இதில் விசுவாசம் எங்கே வந்தது?" என்று கேட்பார்கள். எருசலேமிலிருந்து வந்தவர்களுக்காக இலையைத் தள்ளிப் போட்டதும் சமூக வழக்கம்தான். "மெதுவாகத்தான் மாறும்" என்பார்கள். வில்சன் கடிதம் எழுதி 190 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்னும் எவ்வளவு மெதுவாக? மேலிருந்து வரும் கட்டளை மட்டும் போதாது என்பதை அந்தக் கடிதத்தின் கதையே காட்டுகிறது. கட்டளை பிடிக்காதவர்கள் வேறு சபை தேடிக்கொண்டார்கள். மாற்றம் வீட்டுக்குள்ளிருந்து வர வேண்டும்.

பாகாலா போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சொந்த ஊரில் தெரு சாதிப்படி. இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸ் உத்தியோகப்படி. பக்கத்து வீட்டார் யார் என்று கேட்காமலே ஒரு வீட்டுக் குழம்பு அடுத்த வீட்டுக்குப் போகிறது; பிரசவத்துக்கும் சாவுக்கும் முதலில் ஓடி வருகிறவர் அவரே. ஊர்க் கட்டுப்பாடு இல்லை, பங்காளிகளின் கண் இல்லை. இப்படி முப்பது வருஷம் வாழ்ந்துவிட்டு, மகளுக்கு வரன் பார்க்கும்போது மட்டும் காட்பாடி ரயிலேறிச் சாதியைத் தேடிப் போகிறார்கள். எருசலேமிலிருந்து ஆள் வருவதற்கு முன்பே நாமே எருசலேமுக்குப் போய்விடுகிறோம்.

டிரம்ஸ் வேண்டுமா, வேண்டாமா என்று சபைகள் தாராளமாகப் பேசட்டும். அதைவிட முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. யார் வீட்டில் சாப்பிடுகிறோம்? யாருக்குப் பெண் கொடுக்கிறோம்? யார் பக்கத்தில் புதைக்கச் சம்மதிக்கிறோம்? இந்த மூன்றிலும் உலகம் சொன்னபடி நடந்துவிட்டு, பாட்டின் மெட்டில் மட்டும் வேதத்தைக் காப்பாற்றிப் பயனில்லை.